தோற்றவர் கையில் காவல்

படகு புறாத்தீவை நெருங்கியபோது மங்கையர்க்கரசி நெற்றித் திருநீற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்த நெய்னா மரைக்காயர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். படகுச் சங்கத் தலைவர் பிலவேந்திரன் கழுத்துச் சங்கிலியை அவிழ்த்து, சிலுவைக்கு ஒரு முத்தம் கொடுத்து, பைக்குள் போட்டார். ஒப்பந்தம் அப்படி. மற்ற ஆறு பேரும் தங்கள் தங்கள் அடையாளத்தைக் கழற்றினார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசிப் பல வருடம் ஆகியிருந்தது.

நெய்தல்முனை என்பது கடலுக்குள் நாக்குப் போல நீண்டு கிடக்கும் நிலம். வடக்கே பெருங்கரை நாடு, தெற்கே மணித்தீவு நாடு. பெருங்கரையோடு இணைந்தால்தான் விடிவு என்று மங்கையர்க்கரசியின் கட்சி சொன்னது. சைவர்கள் பெரும்பாலும் அவள் பின்னால் இருந்தார்கள். அங்கே போனால் கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடுவோம், எங்களுக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்றார் மரைக்காயர். மீன்பிடிக் கடல் மணித்தீவின் கையில் இருக்கிறது, அதை விட்டு எங்கே போவது என்று கேட்டார் பிலவேந்திரன். இந்த மூன்று வழக்கும் தெருவுக்கு வந்து, கல்லாகி, நெருப்பாகி, கடைசியில் இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒரு போர்நிறுத்தத்தைத் திணித்திருந்தன. ஊர்க்காரர்களே ஒன்பது பேராக உட்கார்ந்து ஓர் அரசியல் சட்டம் எழுத வேண்டும். ஆனால் தாங்கள் யார் என்று தெரியாமல் எழுத வேண்டும். அதுதான் நிபந்தனை.

மூன்று தரப்பினரும் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். காரணம் எளியது. நியாயம் நம் பக்கம் இருக்கிறது, நாம் மறந்துபோனாலும் அது நம் பக்கம்தான் இருக்கும் என்று மூவரும் மனமார நம்பினார்கள்.

கலங்கரை விளக்கத்தை ஒட்டிய விருந்தினர் விடுதியில் டாக்டர் கோமகள் அவர்களை வரவேற்றாள். நரம்பியல் மருத்துவர்; எந்தப் பக்கத்தையும் சேராத ஊர்க்காரி.

"ஞாபகம் எதுவும் அழியாது," என்றாள். "அங்க போற கதவைக் கொஞ்ச நாளைக்குச் சாத்தி வைக்கிறோம், அவ்வளவுதான். பேச்சு, கணக்கு, சட்டம், சமையல் எல்லாம் இருக்கும். 'நான் யாரு'ங்கிற கதவு மட்டும் திறக்காது. ஒருத்தரைப் பார்த்த உடனே 'இவர் நம்ம ஆளு, இவர் அந்த ஆளு'ன்னு உள்ள ஒரு மணி அடிக்குமே, அதுவும் அடிக்காது."

"தாடியை எடுக்கணுமா?" என்று கேட்டார் மரைக்காயர்.

"இருக்கட்டுங்க ஐயா. தாடியைப் பார்த்தாலும் இவங்களுக்கு ஒண்ணும் தோணாது."

"நடுவுல ஒருத்தருக்கு மட்டும் ஞாபகம் வந்துட்டா?" இது மங்கையர்க்கரசி. வழக்கறிஞர் புத்தி.

"உடனே எங்கிட்ட சொல்லணும். கூட்டம் கலைஞ்சிடும். அதுவரைக்கும் எழுதினது செல்லாது. போர்நிறுத்தமும் அதோட சரி."

பிறகு பெயர் கொடுத்தார்கள். எல்லாம் காய்கறிப் பெயர்கள். "மரத்தோட பேர் வைக்கலாம்னுதான் முதல்ல நெனச்சோம்," என்றாள் கோமகள். "வேம்பு அம்மனுக்குப் போயிடுது, பேரீச்சை ஒருத்தருக்கு, ஒலிவம் ஒருத்தருக்கு. கத்தரிக்காய்க்கு மட்டும்தான் இந்த ஊர்ல மதம் இல்லை."

மரைக்காயருக்குக் கத்தரி கிடைத்தது. ஒல்லியான பிலவேந்திரன் முருங்கை. நெடுநெடுவென்று இருந்த மங்கையர்க்கரசி புடலை. எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளைப் பருத்தி உடை உடுத்தினார்கள். மணிக்கட்டில் துடிப்பைக் கணிக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியாகப் போட்ட மறதி ஊசி எறும்பு கடித்தது போல இருந்தது.

மறுநாள் விழித்த புடலைக்கு முதலில் தோன்றியது, நெஞ்சில் ஏதோ குறைகிறது என்பது. என்ன குறைகிறது என்று படுத்தபடியே தேடிப் பார்த்தாள். பாரம்தான் குறைந்திருந்தது. அது இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குளித்துவிட்டு வந்ததும் வலக்கை தானாக உயர்ந்து நெற்றிக்குப் போனது. பூச எதுவும் இல்லை. மூன்று விரல்கள் வெறும் தோலைத் தடவிவிட்டு இறங்கின. சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கடலோரத்தில் தாடிக்காரர் ஒருவர் கைகால் கழுவிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் எழுந்துட்டீங்களே?"

"உடம்பு எழுப்பி விட்டுடுச்சும்மா," என்றார் கத்தரி. "எழுந்து என்ன செய்யணும்னுதான் சொல்ல மாட்டேங்குது. சரி, கடலையாவது பாப்போம்னு நிக்கிறேன்."

அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாட்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா மாதிரி கழிந்தன. கத்தரி குழம்பை 'ஆணம்' என்றார்; அது எந்த ஊர்ச் சொல் என்று ஒன்பது பேரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. முருங்கை ஓயாமல் கதை சொன்னார்; கதையின் நடுவில் "அப்புறம் எங்க…" என்று ஆரம்பித்து, அந்த 'எங்கள்' யார் என்று தெரியாமல் நின்றுவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். சாயங்காலம் தாயக்கட்டம் ஆடினார்கள். கத்தரி அழுகுணி ஆட்டம் ஆடுவதைப் புடலைதான் கண்டுபிடித்தாள்.

"காய நகத்திட்டீங்க."

"காத்து நகத்திச்சு."

"இந்த வயசுல இப்படிப் பொய் சொல்றீங்களே!"

"எனக்கு என்ன வயசுன்னே தெரியாதேம்மா," என்றார் அவர். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பகலில் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். மேசையில் நெய்தல்முனையின் வரைபடம். மூன்று தரப்பின் பகுதிகளுக்கும் மூன்று நிறங்கள். எந்த நிறத்தில் தாங்கள் பிறந்தோம் என்று யாருக்கும் தெரியாது. இந்த நிறமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படவும் காரணம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், பெருங்கரையோடு இணைவதற்காக அதிகம் வாதாடியவர் கத்தரி. "பெரிய நாட்டோட சேர்ந்தா பெரிய ஆஸ்பத்திரி வரும், பெரிய துறைமுகம் வரும். ஏழைக்கு அதுதானே வேணும்?" என்றார். புடலைதான் எதிர்த்தாள். "பெரிய பாத்திரத்துல கொட்டின உப்பு எங்க இருக்குன்னு யார் தேடுவாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, நல்ல உவமை என்று தானே மெச்சிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு காலையில் கதவு திறந்தது.

அவள் இடியாப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு அறையின் அந்தக் கோடியில் ஒரு கரண்டி விழுந்தது. அந்தச் சத்தத்தோடு எல்லாம் வந்தது. மங்கையர்க்கரசி. அரசியக்கா. கணவரின் தீக்கிரையான அச்சகம். மேடை, கொடி, மாலை. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலோரம் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கத்தரி, நெய்னா மரைக்காயராக மாறியிருந்தார்.

அவருடைய தம்பி அபூசாலி, அவள் கட்சி அறிவித்த கடையடைப்பு நாளில் கடையைத் திறந்து வைத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டவன். அன்று இடைக்கால நிர்வாகம் அவள் கட்சியின் கையில் இருந்தது. காவலர்கள் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார்கள். மறுநாள் அவள் வெளியிட்ட அறிக்கையில் 'வருந்தத்தக்க நிகழ்வு' என்று எழுதியிருந்தாள். பெயரைக் குறிப்பிடவில்லை.

இப்போது அந்த மனிதர் தம்பி செத்ததே தெரியாமல் இடியாப்பம் சாப்பிடுகிறார் என்று நினைத்தாள்.

டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கூட்டம் கலையும். கலைந்தால் அன்று மாலையே ஊரில் கல் பறக்கும். இப்படி ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது; அதையும் அவள் மறைத்துக்கொள்ளவில்லை. மற்ற எட்டுப் பேரும் கண் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஒருத்திக்குத்தான் கண் தெரிகிறது. மரைக்காயரே இணைப்புக்கு வாதாடுகிறார். அவள் வாயைத் திறந்து 'நீங்கள் சொல்வதே சரி' என்றால் போதும். முப்பது வருடப் போராட்டம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். "நேத்து ராத்திரி யோசிச்சேன்," என்றாள். "கத்தரி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பெருங்கரையோட இணையறதைப் பத்தி இன்னைக்கே முடிவெடுத்துடலாமே."

நேற்றுவரை ஒருவர் வாயை ஒருவர் அடைத்துப் பேசியவர்கள் இன்று ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசினார்கள். மருந்து முற்றியதால் வந்த மந்தம் என்று அவள் நினைத்தாள்.

"இணையலாம்," என்றார் கத்தரி மெதுவாக. "ஆனா ஒரு சந்தேகம். இணைஞ்ச பிறகு, வேண்டாம்னு சொன்னவங்க எங்க போவாங்க?"

"எங்கயும் போக வேண்டாம். இங்கதான் இருப்பாங்க."

"பயப்படாம இருப்பாங்களா?"

அவர் அவளை நேராகப் பார்த்துக் கேட்டார். தாயத்தில் காயை நகர்த்திய அதே கண்கள். அவளிடம் பதில் தயாராக இருந்தது. மேடைகளில் நூறு தரம் சொன்ன பதில்: சட்டம் எல்லாருக்கும் சமம், அச்சம் தேவையில்லை. நாக்கு நுனிவரை வந்தது. பெயரும் ஊரும் அற்ற ஒருவராக இத்தனை நாள் தன்னோடு சிரித்த மனிதரிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"ஒரு கற்பனை," என்றாள். "ஒரு ஊர்ல ஒரு கட்சி கடையடைப்புன்னு அறிவிக்குது. ஆட்சியும் அவங்கதான். ஒருத்தர் மட்டும் கடையைத் திறந்து வெக்கிறார். கூட்டம் வந்து அடிக்குது. போலீஸ் எதிர்ல நிக்குது. போலீஸுக்குத் தெரியும், அடிக்கிறவன் யாரோட ஆளுன்னு. அதனால கையைக் கட்டிட்டு நிக்குது. சட்டத்துல எல்லாரும் சமம்னு எழுதித்தான் இருக்கு. எழுதி என்ன?"

கத்தரி கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"அந்தக் கடைக்காரர் பேரு என்ன?" என்று கேட்டார் கத்தரி.

"பேரு எதுக்கு? கற்பனைதானே."

"ஆமா," என்றார் அவர். "கற்பனைதான்."

முருங்கைதான் பேச்சை மீட்டார். "அப்ப போலீஸை யார் கையில கொடுக்கணுங்கறீங்க?"

"தோத்தவங்க கையில," என்றாள். அந்த நொடிவரை அவள் அதை யோசித்திருக்கவில்லை. "ஜெயிச்சவங்க ஆளட்டும். காவல் மட்டும் எதிர்க்கட்சிகிட்ட இருக்கணும். இணைப்போ பிரிவோ எதுவானாலும், ஒரே வாக்கெடுப்புல முடிக்கக் கூடாது. ஒரு தலைமுறை இடைவெளி விட்டு ரெண்டு தடவை கேக்கணும். நடுவுல இருக்கிற காலத்துல காவல் கைமாறிக்கிட்டே இருக்கும். பயந்தவன் கையில லத்தியைக் கொடுத்துப் பாத்தாத்தான், யாரை நம்பலாம்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரியும்."

"தோத்தவனே ஆத்திரத்துல ஆட்சியைக் கவுக்கப் பாத்தா?"

"சம்பளம் போடறது ஜெயிச்சவன். நாளைக்கு இவன் ஜெயிச்சா லத்தி அவன் கைக்குப் போகும். அந்த நெனப்பு ரெண்டு பேரையும் கட்டி வெக்கும்."

அதை எழுத ஆரம்பித்தார்கள். ஓட்டை ஒடிசலை ஒவ்வொருவராக அடைத்தார்கள். மீன்பிடிக் கடலுக்குத் தனி உடன்படிக்கை முருங்கை கேட்டது. தனி மாவட்டத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடங்களும் சந்தைகளும் ஊராட்சிக்கே சொந்தம் என்பது கத்தரி கேட்டது. வாதங்கள் கடுமையாக இருந்தன. ஆனால் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. முப்பது வருடப் போராட்டத்தைத் தன் கையாலேயே ஒரு தலைமுறைக்குத் தள்ளி வைத்துவிட்டு, அன்றிரவு அரசி அயர்ந்து தூங்கினாள். அதுதான் அவளுக்கு வியப்பு.

கடைசி நாள் டாக்டர் கோமகள் மாத்திரைத் தட்டோடு வந்தாள். எல்லாரும் விழுங்கக் கை நீட்டினார்கள். ஞாபகம் திரும்புவது போல எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று அரசி ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"விழுங்கலாம்," என்றாள் கோமகள். "வைட்டமின் மாத்திரைதான். உடம்புக்கு நல்லது."

கைகள் அப்படியே நின்றன.

"எங்க கணக்கு தப்பிடுச்சு. கதவு பாதியிலேயே திறந்துடுச்சு. கையில கட்டியிருக்கிற பட்டை காட்டிக் கொடுத்தது. இடியாப்பம் போட்ட அன்னைக்குக் காலையில, ஒன்பது பேருக்கும், அடுத்தடுத்து."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு பிலவேந்திரன், "சேசுவே, நான் மட்டும்தான்னுல்ல நெனச்சேன்!" என்று வெடித்துச் சிரித்தார். "கதையைப் பாதியிலே நிறுத்த எம்புட்டுப் பாடுபட்டேன் தெரியுமா?"

"நான் பாறைக்குப் பின்னால போய் ஒளிஞ்சு தொழுதேன்," என்றார் மரைக்காயர்.

"ஏன் டாக்டர் நிறுத்தலை?" என்று அரசி கேட்டாள்.

"நிறுத்தத்தான் ஓடி வந்தேன். கதவுகிட்ட நின்னு கேட்டேன். நீங்க அந்தக் கடைக்காரர் கதையைச் சொல்லிட்டிருந்தீங்க. மறந்திருந்த நாள்ல நீங்கல்லாம் சிரிச்சீங்க, சந்தோஷமா இருந்தீங்க. ஆனா இவ்வளவு கவனமா பேசலை. மத்தவங்க கண் கட்டி இருக்காங்கன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சீங்க. கண் தெரியாதவரைப் பள்ளத்துல தள்ள ஒருத்தருக்கும் மனசு வரலை. அதைப் பாத்துட்டு எப்படி நிறுத்தறது?"

மரைக்காயர் எழுந்து வெளியே போனார். அரசி கொஞ்சம் பொறுத்துப் பின்னால் போனாள். அலை ஓரத்தில் நின்றிருந்தார்.

"அன்னைக்குப் பேர் என்னன்னு தெரிஞ்சேதான் கேட்டேன்," என்றார் திரும்பாமல். "உங்க வாயால வருமான்னு பாத்தேன்."

"அபூசாலி," என்றாள் அவள். "அபூசாலி மரைக்காயர். என் கடையடைப்புலதான் செத்தார். என் போலீஸ்தான் நின்னு பாத்தது. அறிக்கையிலகூடப் பேரைப் போடலை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. "வெயில் ஏறுது, வாங்க உள்ள போவோம்," என்றார் கடைசியில்.

உள்ளே வேறு தகராறு. இதை ஊருக்குச் சொல்வதா, மறைப்பதா? மறைத்தால் சட்டம் பிழைக்கும் என்றார்கள் பாதிப்பேர். பிலவேந்திரன் மறுத்துத் தலையாட்டினார். "பெத்தவங்க பேர் தெரியாத பிள்ளையை ஊரு வளக்காதுய்யா. நம்ம பேரைப் போடுவோம். அடி விழுந்தா வாங்கிக்குவோம்."

சந்தைத் திடலில் கூட்டம் கூட்டினார்கள். அரசி ஒலிபெருக்கியைப் பிடித்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். முன்வரிசையிலிருந்து அவள் கட்சிச் செயலாளர் வைத்தியலிங்கமே எழுந்து கத்தினான்: "அப்ப தெரிஞ்சேதான் வித்துட்டீங்களா அக்கா?"

"தெரிஞ்சேதான் எழுதினோம் வைத்தி. யார் யாருக்கு என்ன செஞ்சோம்னு எல்லாம் தெரிஞ்சு, பக்கத்துல உக்காந்து எழுதினோம். மறதியில எழுதினதா இருந்தா உங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்ல எனக்கு வாய் வராது."

இரண்டு செருப்பு வந்து விழுந்தது. இரண்டும் வேறு வேறு ஆளுடையது. ஆனாலும் திடல் கலையவில்லை. கேள்விகள் இருட்டும்வரை வந்தன. செல்லாது என்று சொல்லவேண்டிய இரண்டு நாடுகளும், ஊரே ஏற்றுக்கொண்டால் எங்களுக்கு என்ன என்று ஒதுங்கிக்கொண்டன. மக்கள் வாக்கில் சட்டம் மயிரிழையில் தேறியது.

முதல் தேர்தலில் அரசியின் கட்சி தோற்றது. மரைக்காயரும் பிலவேந்திரனும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள். ஆகவே, அவளே எழுதிய சட்டப்படி, காவல் அவள் கைக்கு வந்தது. பொறுப்பேற்ற அன்றே அபூசாலி வழக்கைத் திறந்தாள். அவள் மேடைக்கு மாலை கட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள். வீட்டுச் சுவரில் 'துரோகி' என்று எழுதினார்கள். அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மழைக்குத் தானே போகட்டும்.

கோபம் தாளாமல் வைத்தியலிங்கம் ஒரு முழுநாள் கடையடைப்பு அறிவித்தான். அன்று காலையில் அரசி காவலர்களோடு சந்தைத் தெருவுக்குப் போனாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நடுத்தெருவில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒரு டீக்கடைக்காரர் கதவை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி எட்டிப் பார்த்தார். அப்புறம் இடுப்பளவு. அப்புறம் முழுசாக. அதைப் பார்த்து மளிகைக்கடை, பிறகு துணிக்கடை. கட்சிப் பையன்கள் கொடியோடு வந்து, கோஷம் போட்டு, அவளைப் பார்த்து, காவலர்களைப் பார்த்து, தெருமுனையிலேயே நின்றார்கள். ஒரு கல்லும் பறக்கவில்லை.

உச்சிவெயிலில் வைத்தியலிங்கம் தனியாக வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றான்.

"அக்கா, காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூட இல்ல," என்றான். "வேற எங்கயும் கடை இல்லை."

"நீதானே அடைக்கச் சொன்னே?"

"ஆமாக்கா."

அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். டீக்கடைக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"பாய், தம்பிக்கு ஒரு டீ. சர்க்கரை தூக்கலா."